தெளிந்த நீரில் மடிந்த மீன்கள்

"வாப்பா, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் மீன் சாகுது?"

2024 செப்டம்பரில் ஒரு நாள் சுபுஹுத் தொழுகை முடித்து வீடு திரும்பிய என்னை வாசற்படியிலேயே நிறுத்தி, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்ட கேள்வி இது. அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் வாளியில் ஏழு மீன் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன. மாடித் தொட்டியில் நாங்கள் மீன் விட்டு அன்றோடு ஐந்து நாட்கள்தாம் ஆகியிருந்தன.

அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதைவிடச் சங்கடமான செய்தி ஒன்றுண்டு. பூனை ஒன்றைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை அந்த வாரம்தான் மதரஸாவில் சிறுவர்களுக்கு நான் பாடம் நடத்தியிருந்தேன். அந்த வகுப்பில் என் மகளும் இருந்தாள். நல்லவேளையாக அவள் அதை எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் வாளியை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் வசிக்கிறோம். கிணறு தோண்டினால் உவர் நீர். தோட்டம் போட மண்ணும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. இந்த நிலையில்தான் அக்வாபோனிக்ஸ் எனப்படும் மீன், செடி இணை வளர்ப்பைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஒரு தொட்டியில் மீன்கள்; பக்கத்தில் ஜல்லி நிரப்பிய பாத்தியில் கீரைகள். மீன் தொட்டியின் கழிவு நீரைச் சிறு மோட்டார் ஒன்று பாத்திக்கு ஏற்றும். செடிகள் அதிலுள்ள சத்தை உறிஞ்சிக்கொள்ளும். வடிந்த நீர் மறுபடியும் மீன் தொட்டிக்கே வந்து சேரும். ஆவியாகிப் போகும் நீரையும் இலைகள் குடிக்கும் நீரையும் ஈடு செய்தால் போதும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊர்களுக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு!

அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி என்னும் அறிஞர் பல்லாண்டுகள் ஆராய்ந்து வளர்த்த முறை இது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2014-ஆம் ஆண்டில் சிறு அளவில் இதைச் செய்வோருக்காகத் தனிக் கையேடே வெளியிட்டது. அதே அமைப்பு 2010-களின் தொடக்கத்தில் காஸாவில், குடும்பப் பொறுப்பைப் பெண்களே சுமக்கும் வீடுகளின் மொட்டை மாடிகளில் இத்தகைய தொட்டிகளை அமைத்துக் கொடுத்தது. நிலமும் நீரும் கடலும் மறுக்கப்பட்ட மக்கள் மாடியில் மீன் வளர்த்துக் கீரை பறித்தார்கள் என்ற அந்தச் செய்திதான் என் மனத்தை மிகவும் ஈர்த்தது. அந்த மாடிகளைத் தாங்கி நின்ற வீடுகளுக்கு 2023 அக்டோபருக்குப் பின் நேர்ந்ததை நாம் அறிவோம். அதை எழுத இது இடமன்று.

அவசரத்தில் செய்த பிழைகள்

500 லிட்டர் தொட்டி, ஜல்லிக்காக இரண்டாக அறுத்த நீல நிற டிரம், மோட்டார் ஆகியவற்றை வாங்கினோம். விற்றவர், "தண்ணீர் ரொப்பி மறுநாளே மீன் விடலாம்" என்றார். நானும் நம்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நீர் நிரப்பி, சனிக்கிழமை 40 ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டோம். (இம்மீனை வளர்ப்பதற்கு அரசு விதிமுறைகள் உண்டு. விரும்புவோர் முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்வது நல்லது.) பிள்ளைகள் ஆளுக்கொரு பிடியாகத் தீவனம் போட்டார்கள். மீன்கள் துள்ளித் துள்ளித் தின்றன. அந்த அழகில் மயங்கி நானும் ஒரு பிடி போட்டேன்.

நான்காம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பசிக்குது போல!" என்று மேலும் தீவனம் போட்டோம். ஐந்தாம் நாள்தான் அந்த ஏழு மீன்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல், தொட்டி நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினேன். ஜல்லியை அள்ளி, குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குழாயிலிருந்து நேராகப் பிடித்து நிரப்பி, பற்றாத குறைக்குக் கிணற்று நீரையும் கலந்தேன். மறுநாள் 14 மீன்கள் செத்தன. பத்தாம் நாள் முடிவில் எஞ்சியவை நான்கே நான்கு. 40-இல் 36 போயின.

அந்த நான்கையும் பள்ளிவாசல் ஹவுளில் விட்டுவிடலாம் என்றார் என் தாயார். எங்கள் பள்ளியின் ஹவுளில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே மீன்கள் உண்டு. ஒளூச் செய்ய அமரும் சிறுவர்களின் விரல்களை அவை வந்து முத்தமிடும். முத்தவல்லியிடம் அனுமதி பெற்று நான்கையும் அங்கே விட்டோம். அவை பிழைத்தன! என் மகளின் கேள்வி இப்போது இரண்டானது. எங்கள் தெளிந்த தொட்டியில் மீன் ஏன் சாகிறது? பாசி படிந்து, கல்லெல்லாம் வழுவழுவென்றிருக்கும் ஹவுளில் ஏன் சாகவில்லை?

குடியமர்த்தப்படாத குடிகள்

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பயிலும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். அவரை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டினேன். சிறு கண்ணாடிக் குழலில் தொட்டி நீரை எடுத்து, தாம் கொண்டு வந்திருந்த மருந்தைச் சில துளிகள் விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. வண்ண அட்டையின் கடைசிக் கட்டம் வரை போய்விட்டது.

"ஹஜ்ரத், 8 மில்லிகிராமுக்கு வந்துடுச்சு. மீனுக்கு வீடு கட்டினீங்க, சாப்பாடு போட்டீங்க. அது கழிக்கிறதை அள்ள ஆள் வைக்கலியே!" என்றார்.

மீன் தின்ற தீவனத்திலுள்ள புரதத்தின் பெரும்பகுதி கழிவு அம்மோனியாவாக வெளியேறுகிறது. அது பெரும்பாலும் செவுள்களின் வழியாகவே நீரில் கலக்கிறது. தின்னாமல் அடியில் தங்கிய தீவனமும், செத்த மீனும் அழுகி மேலும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. அம்மோனியாவுக்கு நிறமில்லை. ஆகவே நீர் பளிங்கு போலிருக்கும், ஆனால் நஞ்சாகியிருக்கும். என் மகளின் முதற் கேள்விக்கு விடை இதுதான்.

அந்த அம்மோனியாவையும் இரு வடிவங்களாகப் பார்க்க வேண்டும். ஒன்று கடுமையாகக் கொல்வது. மற்றது அவ்வளவு கேடு செய்யாதது. எந்த வடிவம் எவ்வளவு என்பதைப் பெரிதும் முடிவு செய்வது பி.எச். எனப்படும் கார அமில அளவு. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் கொல்லும் வடிவம் 100-இல் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் ஏறத்தாழ 5 பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெப்பம் கூடினால் இப்பங்கும் கூடும். எங்கள் தொட்டியின் பி.எச். 8.2. செப்டம்பர் வெயிலோ கேட்கவே வேண்டாம்.

இயற்கையில் குளத்திலும் ஆற்றிலும் இந்த நஞ்சை மாற்றுவதற்கென்றே நுண்ணுயிர்களை வல்ல இறைவன் படைத்திருக்கிறான். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே. மீனின் இரத்தத்தில் புகுந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, இரத்தத்தையே பழுப்பு நிறமாக்கி விடும். மற்றொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனுக்கு அதிகக் கேடு செய்யாது; செடிகளுக்கோ அதுவே உரம். நாம் வயலில் இடும் தழைச்சத்து அன்றோ அது!

1890-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்ய நாட்டு அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று இரு பெயர்களைப் பள்ளிப் பாடங்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. பின்னர் அந்தப் படம் மாறியது. நன்னீர் மீன் தொட்டிகளில் இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்று 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2005-இல் சியாட்டில் நகரத்து மீன் காட்சிச் சாலைத் தொட்டி ஒன்றிலிருந்து, பாக்டீரியா என்ற பேரினத்திலேயே சேராத, ஆர்க்கியா என்ற பழமையான உயிர் வகை ஒன்று அம்மோனியாவை மாற்றுவதாகக் கண்டறிந்தார்கள். 2015-இல் இன்னொரு வியப்பு: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரு வேலைகளையும் ஒரே உயிர் செய்வதையும் கண்டார்கள். அப்படிக் கண்ட இரு குழுக்களுள் ஒன்று அதைப் பிடித்தது மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த வடிகட்டி ஒன்றிலிருந்துதான். கலைப் பட்டதாரியான எனக்கு இந்தப் பெயர்கள் நாவில் நிற்பதில்லை. ஆயினும் நம் வீட்டு மாடியில் நடப்பது உலக அறிஞர்கள் இன்னும் படித்து முடிக்காத பாடம் என்பதில் ஒரு மகிழ்ச்சி.

இவ்வுயிர்கள் நீரில் மிதந்து திரிவதை விட, கல்லிலும் குழாயின் உட்புறத்திலும் தொட்டிச் சுவரிலும் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. ஹவுள் கற்களின் வழுவழுப்பில் இவையும் குடியிருக்கின்றன. அங்கே நீர் மிகுதி, மீன் குறைவு, பிடி பிடியாகத் தீவனம் போடுவாரும் இல்லை. இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்தது.

ஆனால் இவை மெல்லப் பெருகுபவை. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் ஒரே இரவில் வேலையை முடித்துவிடும். இவை ஒன்று இரண்டாவதற்கே பல மணி நேரம், சில வேளை ஒரு நாள் கூட ஆகும். புதுத் தொட்டியில் இவை போதிய அளவுக்குப் பெருக, நம் நாட்டு வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரங்கள் வேண்டும். குளிர் மிகுந்தால் இன்னும் நாளாகும். நானோ ஒரே நாளில் மீன் விட்டேன். ஐந்தாம் நாள் கல்லில் அரும்பத் தொடங்கியிருந்த சிறு குடியிருப்பையும் தேய்த்துக் கழுவினேன். மிச்சமிருந்ததைக் குளோரின் கலந்த குழாய் நீர் முடித்து வைத்தது. நமக்கு நோய் வராதிருக்கக் குடிநீரில் சேர்க்கப்படும் குளோரின், நோய்க் கிருமி எது, நற்கிருமி எது என்று பார்ப்பதில்லை; மீனின் செவுளையும் அரித்துவிடும்.

முப்பத்தேழு நாட்கள்

மீண்டும் தொடங்கலாமா என்ற தயக்கம் எனக்கிருந்தது. "36 உயிர் போயிருச்சு. இனி ஒன்னு போனாலும் தெரிஞ்சே செஞ்சதாகும்" என்றார் உம்மா. அதனால் இம்முறை மீனே இல்லாமல் தொட்டியைப் பழக்குவதென்று முடிவு செய்தோம். மீன் வெளிவிட வேண்டிய அம்மோனியாவை நாமே சிறிது சிறிதாகக் கொடுத்து, அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகிய பிறகே மீனை விடுவது.

நவம்பரில் மழை பிடித்தது. "குழாத் தண்ணி எதுக்குடா? மாடியில மழைத் தண்ணி நெறைஞ்சு கிடக்கே!" என்று வழி காட்டியவரும் உம்மாதான். மழைநீரில் குளோரின் இல்லை. குழாய் நீர்தான் உண்டென்றால், அகன்ற பாத்திரத்தில் ஓரிரு நாட்கள் திறந்து வைத்துக் காற்றுக் குமிழி விட்டால் குளோரின் வெளியேறும் என்றார் மாணவர். ஆனால் சில நகரங்களில் குளோரமைன் என்ற கூட்டுப் பொருளைச் சேர்க்கிறார்கள். அது எளிதில் போகாது. மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அம்மோனியாவுக்கு எங்கே போவது? வெளிநாட்டுக் குறிப்புகள் சிலவற்றில் மனிதச் சிறுநீரைப் பழகவிட்டு ஊற்றச் சொல்கிறார்கள். நஜீஸை ஊற்றி, அதே நீரில் வளர்ந்த புதினாவைப் பறித்துத் தின்ன நம் மனம் ஒப்பாது; வேறு வழி இருக்கையில் அந்த விவாதமே தேவையில்லை. ஒரு நண்பர் சாணம் கரைத்து ஊற்றச் சொன்னார். மண்ணில் போடும் சாணம் வேறு. பச்சையாகத் தின்னும் கீரையின் வேரை நனைக்கும் நீரில் சாணம் வேறு. வயிற்றுக்குக் கேடு செய்யும் கிருமிகளை நாமே அழைத்து வருவதாகும். அதையும் தவிர்த்தோம்.

மாணவர் சொன்ன பொருள் அம்மோனியம் குளோரைடு. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். நம் வீட்டு விருந்துகளுக்கான செம்பு தேக்சாக்களுக்கு ஈயம் பூச வருபவர் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பாரே, வெண்புகை கிளம்புமே, அந்த நவச்சாரம்தான் அது. அரபியில் நூஷாதிர் என்பார்கள். ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் இரசவாத நூல்களில் இப்பொருள் முக்கிய இடம் பெறுகிறது. ஆனால் ஈயம் பூசுவோரின் நவச்சாரத்தில் கலப்படம் இருக்கலாம் என்பதால், இரசாயனக் கடையில் தூயதாக விற்பதையே வாங்கச் சொன்னார். அளவு சிறிது: 1000 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ ஏழரை கிராம் இட்டால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். எங்கள் 500 லிட்டருக்கு 4 கிராம் போதுமானதாயிற்று. அதிகம் போட்டால் விரைவில் முடியும் என்று எண்ணக் கூடாது. அளவு மிகுந்த அம்மோனியா அந்த நுண்ணுயிர்களையே முடக்கிவிடும்.

விதை வேண்டுமல்லவா? தயிருக்கு உறை மோர் போல, ஏற்கெனவே நலமாக மீன் வாழும் தொட்டியிலிருந்து ஒரு பிடி கல்லைக் கொண்டு வந்து போட்டால் பல நாட்கள் மிச்சமாகும். ஹவுளின் அடியில் கூழாங்கற்கள் கிடந்தன. ஆனால் அவை வக்ஃபுச் சொத்து! முத்தவல்லியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஹஜ்ரத், கல்லுக்குக் கல் குடுத்துட்டு எடுத்துக்கோங்க" என்றார். இரண்டு கூடைப் புதுக் கூழாங்கற்களைக் கழுவிக் கொடுத்துவிட்டு, அரைக் கூடைப் பழங்கற்களை ஈரம் உலராமல் எடுத்து வந்து, பழைய கொசுவலைத் துணியில் கட்டி ஜல்லிப் பாத்தியில் புதைத்தோம். கடையில் புட்டியில் அடைத்து விற்கும் பாக்டீரியாக்களும் உண்டு. அவற்றுள் சில பயன் தருகின்றன. பலவற்றில் இருப்பது இந்த வேலையைச் செய்யாத வேறு இனங்கள். எது எதுவென்று கண்டுபிடிக்க நம்மால் ஆகாது. என் கருத்தில் உயிருள்ள பழங்கல்லே மேல்.

ஜல்லியிலும் ஒரு சோதனை உண்டு. வினிகர் சில சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், பி.எச்.-ஐ ஏற்றிக்கொண்டே இருக்கும். எங்களுடையது கருங்கல் ஜல்லி, நுரைக்கவில்லை.

என் மகள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். நாள்தோறும் மஃரிபுக்கு முன் சோதனை. அவளது குறிப்பிலிருந்து சொல்கிறேன். முதல் நாள் அம்மோனியா 2, பி.எச். 7. ஆறாம் நாள் வரை எந்த மாற்றமும் இல்லை. "வாப்பா, ஒன்னுமே நடக்கல" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். பத்தாம் நாள் நைட்ரைட் சோதனைக் குழலில், வானீலமாக இருந்த நீர் முதன்முதலாக இலேசான ஊதாவாயிற்று. வீடே மாடிக்கு வந்து பார்த்தது! பதினான்காம் நாள் அம்மோனியா அரையாகக் குறைந்தது. மறுபடி 2 கிராம் போட்டோம். அது முதல் குறையக் குறையச் சிறிது சிறிதாகப் போட்டு வந்தோம். பத்தொன்பதாம் நாள் நைட்ரைட் கருத்த ஊதா. முதல் வகைப் பணியாளர் வந்துவிட்டனர், இரண்டாம் வகையார் இன்னும் வரவில்லை என்பது இதன் பொருள். இந்த இடைக்காலமே மீனுக்கு மிகவும் அபாயமானது.

இருபத்தோராம் நாள் எல்லாமே நின்று போயிற்று. அம்மோனியா இறங்கவில்லை. மகள் அழுதுவிடுவாள் போலிருந்தாள். தூத்துக்குடிக்குத் தொலைபேசியில் கேட்டேன். "பி.எச். பாருங்க ஹஜ்ரத்" என்றார் மாணவர். 6-க்கு இறங்கியிருந்தது. இந்த நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும். நீரிலுள்ள சுண்ணச் சத்து அதைத் தணிக்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 7 கிராம் சுண்ணாம்புக் கல் அளவுக்குச் சத்து செலவாகும். மழைநீரில் அது அநேகமாக இல்லை. நாங்கள் சிறப்பென்று எண்ணிய மழைநீரின் குறை இது. உடனடித் தீர்வுக்கு, 30 கிராம் ஆப்பச் சோடாவை ஒரு குவளை நீரில் கரைத்து மெதுவாக ஊற்றச் சொன்னார். நிலையான தீர்வு எங்கள் கடற்கரையிலேயே கிடந்தது: சிப்பி ஓடுகள். உப்புப் போகக் கழுவி, நொறுக்கி, நைலான் வலைப் பையில் கட்டித் தொட்டியில் தொங்க விட்டோம். நீரில் அமிலம் கூடும்போது ஓடு கரையும். கூடாதபோது கரையாமல் கிடக்கும். மூன்றாம் நாள் பி.எச். 6.8. அம்மோனியா மறுபடி இறங்கத் தொடங்கியது. மீன், செடி, நுண்ணுயிர் ஆகிய மூவர்க்கும் 7-ஐ ஒட்டிய அளவே ஒத்துப் போகும்.

இதற்கிடையே இருபத்தைந்தாம் நாள் புதினாத் தண்டுகளையும் பசலைக் கொடியையும் ஜல்லியில் ஊன்றினோம். முப்பத்தோராம் நாள் நைட்ரைட்டின் ஊதா வெளிறியது; நைட்ரேட் குழல் செக்கச் சிவந்தது. முப்பத்தேழாம் நாள்தான் உண்மையான தேர்வு. முதல் நாள் மாலை 4 கிராம் முழு அளவையும் போட்டோம். மறுநாள் மாலை பார்த்தால் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். 24 மணி நேரத்தில் தின்று தீர்த்துவிட்டன. அல்ஹம்துலில்லாஹ்!

மீன் வந்த பிறகு

இம்முறை 40 அல்ல, 12 குஞ்சுகள்தாம். நுண்ணுயிர்களின் கூட்டம் கிடைக்கும் உணவுக்கு ஏற்றபடியே பெருகும். திடீரென்று மீனைக் கூட்டினால் அவை ஈடு கொடுக்க மாட்டா. இரண்டு வாரம் பொறுத்து மேலும் 8 விட்டோம். தீவனம் ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே. தீவன டப்பா இப்போது என் மனைவியின் பொறுப்பில் அலமாரியில் இருக்கிறது. பிள்ளைகளின் கை எட்டாது, என் கையும் எட்டாது.

ஏற்கெனவே மீன் வாங்கி விட்டுவிட்டோமே என்போர் அஞ்ச வேண்டாம். தீவனத்தை நிறுத்தியோ, இரண்டு நாளைக்கொரு முறை ஒரு சிட்டிகையாகக் குறைத்தோ கொடுங்கள். நாள்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மட்டும், குளோரின் போக்கிய நீரால் மாற்றுங்கள். நைட்ரைட் ஏறினால், லிட்டருக்கு ஒரு கிராம் சாதாரண உப்பு மீனைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு, செவுளின் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. செடிகளுக்கு உப்பு ஆகாது என்பதால் அதை அடிக்கடி செய்யலாகாது. ஜல்லியை மட்டும் தொட வேண்டாம். கசடு அடைத்துக்கொண்டால், தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் அலசிக் கொள்ளுங்கள்.

மின்தடைதான் எங்களுக்கு இன்றும் உள்ள அச்சம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராமுக்கு மேல் உயிர்வளி தேவை. மோட்டார் நின்றால் மீன் மட்டுமா திணறும்? கல்லில் வாழும் கூட்டமும் திணறும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். ஜனவரியில் ஒரு நாள் ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லை. அன்று பம்பின் ஓசையைக் கேட்டபடி மாடியிலேயே இஷாவைத் தொழுதுவிட்டு இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மீனுக்கு நோயென்று மருந்து ஊற்றுவதிலும் எச்சரிக்கை வேண்டும். நோய்க் கிருமியைக் கொல்லும் மருந்துகள் பலவும் இந்தக் கூட்டத்தையும் அழிக்கும்; நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றி வைத்தியம் பார்ப்பதே முறை.

பிப்ரவரியில் புதினா அடர்ந்துவிட்டது. முதல் கட்டு எங்கள் வீட்டு பிரியாணிக்கு. இரண்டாம் கட்டை முத்தவல்லி வீட்டுக்கு மகளே கொண்டு போனாள். போன இடத்தில், ஹவுளில் விட்ட எங்கள் நான்கு மீன்களையும் திருப்பித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். புதுத் தொட்டி நன்றாயிருக்கிறது, இனிச் சாகாது என்று நோட்டுப் புத்தகத்தையும் விரித்துக் காட்டியிருக்கிறாள். அவர் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது முடியாதே மகளே! கல்லுக்குக் கல் வந்துச்சு, சரி. மீன் ஹவுளுக்குள்ள வந்த அன்னைக்கே வக்ஃபு ஆயிருச்சே" என்றாராம். அவள் இப்போது அஸருக்குப் பின் பள்ளி வாசலில் நின்று, உள்ளே போகும் தம்பிமாரிடம் அந்த நான்கும் நலமா என்று கேட்டு வருகிறாள்.